உம்மையும் பற்சக்கரமும்: பாவனை விளையாட்டொன்றின் எந்திரத் தருக்கம்

தோற்றுவாய்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாசரால் உருவாக்கப்பெற்றது. அதன் மேற்கு முனைக்கு அருகே, பத்மதீர்த்தக் குளத்தை நோக்கிய கருவேலப்புரை மாளிகையில், 'மேத்தன் மணி' என மக்கள் வழங்கும் கடிகாரம் உள்ளது. 1840களில் இதனை அமைத்த கைவினைஞர் குளத்தூக்காரன் என்னும் பெயரால் அறியப்பெறுகிறார். தாடியுடைய ஒரு முகம்; அதன் இருபுறமும் இரண்டு ஆடுகள். மணி நிறைவுறும்போது முகம் வாய் திறக்கும். ஆடுகள் கன்னங்களில் முட்டும். 'இந்நேரம் ஆயின் இது நிகழ்க' என்னும் நிபந்தனை அங்குச் சொல்லால் அன்றிச் சக்கரங்களால் கூறப்பட்டுள்ளது. எனினும் காண்பவருக்குத் தெரிவது விளைவு மட்டுமே. காரணம் முகத்திற்குப் பின்னால் மறைந்துள்ளது.

காரணமும் விளைவும் இங்ஙனம் மறைவதும் வெளிப்படுவதுமாகிய நிலை இன்று கணினிப் பாவனை விளையாட்டுகளில் புதிய வடிவில் எழுந்துள்ளது. ஓர் உலகின் இயக்கத்தைக் கணினிக்குள் போலச்செய்து காட்டுவது பாவனை விளையாட்டு. அவ்வுலகில் கிடைக்கும் பற்சக்கரம், அச்சு, நெம்புகோல், நீரேற்றி ஆகியவற்றைக் கொண்டே ஆட்டக்காரர்கள் தருக்கச் சுற்றுகளை அமைத்து வருகின்றனர். 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்' என்னும் விளையாட்டில் அமையும் இத்தகைய சுற்றுகளைத் தமிழ் மரபின் மிறைக்கவியோடும், சாலைத் தெருவைத் தமிழ்ப் புனைகதைக்குத் தந்த ஆ. மாதவனின் படைப்புலகோடும் பொருத்தி மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டும் அதன் பொறிகளும்

டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் உருவாக்கிய இவ்விளையாட்டு 2006இல் முதன்முதலாக வெளிவந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் இதனைத் தன் சேகரிப்பில் இணைத்துக்கொண்டது. குள்ளர் குழுவொன்று மலையைக் குடைந்து கோட்டை அமைத்து வாழ்வதே இதன் களம். படங்களோடு கூடிய பதிப்பு 2022 திசம்பரில்தான் வந்தது. அதுவரை மலையும் ஆறும் மாந்தரும் எழுத்துகளாலும் குறியீடுகளாலுமே திரையில் காட்டப்பெற்றனர்.

இவ்வுலகில் நீர்ச்சக்கரம் ஒன்று 100 அலகு ஆற்றலைத் தரும். பற்சக்கரத்திற்கு 5 அலகும் நீரேற்றிக்கு 10 அலகும் தேவை. தேவை இருப்பை விஞ்சினால் இணைந்த பொறிகள் அனைத்தும் நின்றுவிடும். நெம்புகோலோடு இணைக்கப்பெற்ற பற்சக்கரம் ஒவ்வோர் இழுப்பிற்கும் தன் நிலையை மாற்றிக்கொள்ளும். பொருந்தியிருந்தால் விலகும், விலகியிருந்தால் பொருந்தும். படைப்பாளர் தந்தவை இவ்விதிகளே.

இவ்விதிகளிலிருந்து ஆட்டக்காரர் வருவிப்பவை பின்வருமாறு. விலகிய நிலையிலுள்ள இரண்டு பற்சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஒவ்வொன்றையும் ஒரு நெம்புகோலோடு இணைத்தால், இரண்டும் இழுக்கப்பட்டபோதே ஆற்றல் கடந்து செல்லும். இஃது 'இதுவும் அதுவும்' என்பது. அவற்றையே இரு தனிவழிகளில் வைத்தால் 'இதுவாவது அதுவாவது' என்பது கிடைக்கும். முதலிலேயே பொருந்தியுள்ள சக்கரம் நெம்புகோலை இழுத்ததும் விலகுமாயின் அஃது எதிர்மறை. ஒரே சக்கரத்தோடு இரண்டு நெம்புகோல்களை இணைத்தால், ஒன்றை மட்டும் இழுக்கும்போது நிலை மாறும். இரண்டையும் இழுத்தால் பழைய நிலைக்கே திரும்பும். 'இரண்டில் ஒன்று மட்டும்' என்னும் இத்தொடர்பு மின்சுற்றில் பல உறுப்புகளை வேண்டுவது. இங்கு ஒற்றைச் சக்கரத்தில் முடிந்துவிடுகிறது.

இவ்வாறு கிடைக்கும் விடை ஆற்றலாக மட்டுமே நிற்கும். அதனை அடுத்த சுற்றுக்குக் குறிப்பாக அனுப்ப வேண்டுமெனில், அவ்வாற்றலால் நீரேற்றியை இயக்கி, நீரை அழுத்தத் தகட்டின்மீது பாய்ச்ச வேண்டும். பற்சக்கரம் சொன்னதை நீர் மொழிபெயர்க்கிறது எனலாம். இம்முறைகளைப் பெருக்கி 2010இல் ஆட்டக்காரர் ஒருவர் ஆயிரக்கணக்கான பொறிகளைக் கொண்டு இவ்வுலகிற்குள் ஒரு கணினியையே அமைத்தார். தருக்கம் மின்சாரத்திற்கு மட்டும் உரியதன்று என்பதற்கு விளையாட்டிற்கு வெளியேயும் சான்றுண்டு. 1938இல் கொன்ராட் சூசே பெர்லினில் தம் பெற்றோர் இல்லத்தில் முடித்த கணிப்பொறி, உலோகத் தகடுகளின் நகர்ச்சியாலேயே இருமக் கணக்கீட்டைச் செய்தது.

உம்மை எட்டும் உம்மை ஒன்றும்

தருக்கச் சுற்றின் இத்தொடர்புகள் தமிழ் இலக்கணத்தில் இடைச்சொற்களின் பணியோடு ஒத்தவை. ஆயினும் வேறுபாடு அடிப்படையானது. தொல்காப்பியம் உம்மைக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள் கூறும். பற்சக்கரம் அறிந்தது எண்ணும்மை ஒன்றே. 'அவனும் வந்தான்' என்னும் தொடர் வேறொருவர் வந்ததையும் உணர்த்தும். வாராதவன் வந்த வியப்பையும் உணர்த்தும். இப்பொருள்மிகுதி கவிதைக்கு வளம், சுற்றுக்கு வழு. எனவே எந்திரத் தருக்கத்தை மொழிக்கு நிகரானதென்று புகழ்வது மிகைக்கூற்றாகும். மொழியின் ஏழு பொருள்களைத் துறந்து ஒன்றை மட்டும் பிழையின்றிக் காத்தலே அதன் ஆற்றல். இத்துறவைக் கருத்திற்கொண்டே அதன் கலைத்தன்மையை வினவ வேண்டும்.

மிறைக்கவி என்னும் அளவுகோல்

சொல்லணியியலில் தண்டியலங்காரம் விரித்துரைக்கும் மாலைமாற்று, நாகபந்தம், சுழிகுளம் முதலிய மிறைக்கவிகளை இருபதாம் நூற்றாண்டுத் திறனாய்வாளர் பலர் வெறும் உழைப்பு என்றே ஒதுக்கினர். விளையாட்டிற்குள் கணினி அமைப்போர் மீதும் இக்குற்றச்சாட்டே வைக்கப்படுகிறது. கையிலுள்ள கணினி நொடியில் செய்யும் கூட்டலைச் சக்கரங்களையும் நீரையும் கொண்டு மெல்லச் செய்வதால் யாது பயன் என்பதே அது.

பயனும் அருமையும் இங்கு உரிய அளவுகோல்கள் அல்ல. 'விகடகவி' என்னும் சொல் இருபுறமும் ஒன்றாக வருவது அறிந்ததே. ஆயின் அதன் ஒலிகளைத் தலைகீழாக ஒலித்தால் அச்சொல் வாராது. எழுத்துகளை மாற்றி வைத்தாலே வரும். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் தமிழ் எழுத்துமுறையின் இயல்பை அச்சொல் வெளிப்படுத்துகிறது. திருஞானசம்பந்தர் பதிகமாகவே பாடிய மாலைமாற்றும் இவ்வியல்பின்மீதே நிற்கிறது. அன்றாடம் எழுதுவோர் கருதாத ஒரு விதியைச் செய்யுள் காணச்செய்கிறது என்பதே அதன் மதிப்பு. ஒற்றைச் சக்கரத்தில் 'இரண்டில் ஒன்று மட்டும்' என்பதைக் கண்டவரும் இதனையே செய்தார். நீரை இறைக்கவும் மாவரைக்கவும் வைக்கப்பெற்ற சக்கரத்திற்குள் இருந்த தருக்கத்தை அவர் வாசித்தெடுத்தார். படைப்பாளரின் விதிக்குப் புறம்பாக அவர் எதனையும் சேர்க்கவில்லை. மேத்தன் மணியில் காரணம் மறைந்து விளைவு தெரிகிறது. இங்கோ காரணம் முழுதும் திரையில் விரிந்து கிடக்க, விளைவு ஒரு கதவு திறப்பதாகச் சிறுத்துவிடுகிறது. எனவே இச்சுற்றை விளைவால் மதிப்பிடாமல், விதியை வெளிப்படுத்தும் திறத்தால் மதிப்பிடுவதே பொருத்தமாகும்.

நெம்புகோலை இழுப்பவர்

இவ்வளவில் நின்றால் ஆய்வு வடிவத்தைப் புகழ்வதாகவே முடியும். சுற்று அமைந்திருப்பது ஓர் உலகிற்குள் என்பதும் எண்ணத்தக்கது. இவ்விளையாட்டில் நெம்புகோல் தானாக இயங்காது. குள்ளர் ஒருவர் நடந்துவந்து இழுக்க வேண்டும். அவர் உறங்கலாம், நீர்வேட்கையால் வேறிடம் சென்றிருக்கலாம். ஆழம் குறைந்த நீர் வற்றிவிடும், குளிர்நிலத்தில் உறையும். ஆணைக்கும் இழுப்பிற்கும் இடையே ஒரு வாழ்க்கை குறுக்கிடுகிறது.

தேர்ந்த ஆட்டக்காரர் பலர் இக்குறுக்கீட்டைக் குறையெனக் கருதுகின்றனர். அழுத்தத் தகடுகளைக் கொண்டு, தொடங்கிவைத்தபின் எவர் கையையும் வேண்டாத சுற்றுகளை அமைக்கின்றனர். பொறியியல் நோக்கில் இது வளர்ச்சியே. திறனாய்வு நோக்கில் இழப்பும் உண்டு. தொழிலாளி வெளியேறியதும் சுற்று எவ்வுலகிற்கும் உரியதாகி, அவ்வுலகிற்கு மட்டும் உரியதாக இருந்த தன்மையை இழந்துவிடுகிறது.

இவ்விடத்தில் ஆ. மாதவனின் படைப்புலகை நோக்குவது பயன்தரும். சாலைத் தெருவிலேயே கடை நடத்திய அவர் (1934–2021) 'கடைத்தெருக் கதைகள்' முதலியவற்றில் அத்தெருவின் சுமைதூக்குவோரையும் சிறுவணிகரையும் நாடோடிகளையும் எழுதினார். பசியும் காமமும் வணிகமும் மாந்தரை இயக்கும் விதத்தை உணர்ச்சி கலவாது காட்டியமையால் அவர் இயல்புவாதி எனப்பெற்றார். சூழல் விதிக்கிறது, மாந்தர் இயங்குகின்றனர் என்பது இயல்புவாதத்தின் கொள்கை. பாவனை விளையாட்டின் கொள்கையும் அதுவே. ஆனால் மாதவன் கடைத்தெருவின் விதிகளை எழுதியபோது சுமப்பவரைக் கதையிலிருந்து நீக்கவில்லை. சந்தையின் கணக்கு எவருடைய தோளின்மீது நடக்கிறது என்பதே அவர் கதைகளின் பொருளாயிற்று. சுமப்பவர் நீங்கிய கடைத்தெரு விலைப்பட்டியலாகவே எஞ்சும்.

நிறைவாக

எந்திரத் தருக்கச் சுற்றுகள் மிறைக்கவியைப் போல ஓர் அமைப்பின் மறைந்த விதியை வெளிப்படுத்துவதால் திறனாய்விற்கு உரியனவாகின்றன. மொழியின் பொருள்வளம் அவற்றிற்கு இல்லை; அதனை அவற்றில் தேடுவதும் முறையன்று. அவற்றுள் சிறந்தவை எவை எனின், பிழையே நேராதவை என்று கூறுவதற்கில்லை. நீர் வற்றுவதையும் தொழிலாளி உறங்குவதையும் அறிந்து, அவற்றிற்கு இடம்கொடுத்து, அதன் பின்னும் விடை தவறாதவையே சிறந்தவை எனலாம். மேத்தன் மணியின் சக்கரங்களைக் காணாதவர்களும் குளத்தூக்காரன் என்னும் பெயரைச் சொல்லி வருகின்றனர். விளையாட்டுச் சுற்றுகளை எழுதவிருக்கும் திறனாய்வும் சுற்றோடு சேர்த்து அதனை அமைத்த கையையும், நெம்புகோலை இழுக்கும் கையையும் பதிவு செய்தல் வேண்டும்.