நீர்க்கிண்ணங்களின் இசை

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நால்வகையாகப் பகுப்பது தமிழ் மரபு. பீங்கான் கிண்ணங்களில் நீர் நிரப்பி, மெல்லிய கோல்களால் தட்டி இசைக்கப்படும் ஜலதரங்கம் இவற்றுள் எதன்பாற்படும்? உலோகம் அன்றெனினும், தட்டி ஒலியெழுப்பும் முறை நோக்கிக் கஞ்சக்கருவியோடு சேர்ப்பதே பொருந்தும். இதனை வகைப்படுத்துவது எளிது, மதிப்பிடுவதே அரிது. ஜலதரங்கத்தை விந்தையென வியந்தோர் பலர். இசையென எடைபோட்டோர் சிலரே.

இதன் தொன்மை சிறிதன்று. 17ஆம் நூற்றாண்டில் அகோபலர் இயற்றிய சங்கீத பாரிஜாதம் இதனைக் குறிப்பிடுகின்றது. அண்மைக் காலத்தில் இக்கருவியைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர்களுள் சீதா துரைசாமி (1926-2013) குறிப்பிடத்தக்கவர். தமிழக அரசு அவருக்கு 2001இல் கலைமாமணி விருது வழங்கியது. ஆனயம்பட்டி எஸ். கணேசனும் இத்துறையில் புகழ்பெற்றவர்.

கிண்ணங்கள் கலைஞரைச் சுற்றி அரைவட்டமாக அமையும். நீர் மிகுந்தால் சுருதி தாழும்; குறைந்தால் உயரும். இராகம் மாறும்போது அதற்குரிய சுரங்களுக்கேற்ப நீரைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ஆயின் உண்மையான சோதனை சுருதியில் இல்லை, கமகத்தில் இருக்கின்றது. கருநாடக இசையின் உயிர் சுரங்களின் அசைவு. கிண்ணத்தின் ஒலியோ தட்டியவுடன் தேயத் தொடங்குவது. தேயுமுன் கோலின் நுனியால் நீரை மெல்லத் தொட்டு ஒலியை வளைப்பதே கலைஞரின் திறம். எனவே மோகனம், ஹம்சத்வனி போன்ற இராகங்களின் விரைந்த நடை இதற்கு இயல்பாகப் பொருந்துகின்றது. தோடியின் நீண்ட ஆலாபனையில் கருவியின் எல்லை புலப்பட்டுவிடும். இதனை ஒப்புக்கொள்வது இக்கருவிக்கு இழுக்காகாது. எல்லை அறிந்து கேட்பதே நேர்மையான சுவை.

மேலைநாட்டில் இதற்கு ஒப்பான ஒரு வரலாறு உண்டு. 1761இல் பெஞ்சமின் பிராங்க்ளின், சுழலும் கண்ணாடிக் கிண்ணங்களை ஈரவிரலால் தேய்த்து இசைக்கும் கருவியை அமைத்தார். 1791இல் மோட்சார்ட் அதற்கென இசை இயற்றினார். பெரிய அரங்குகளில் அதன் மெல்லொலி எடுபடாமையால் 19ஆம் நூற்றாண்டில் அது வழக்கொழிந்தது. ஆயினும் எழுதிவைத்த இசை எஞ்சியதால், பிற்காலத்தார் அக்கருவியை மீண்டும் செய்து வாசிக்க முடிந்தது. ஜலதரங்கத்தின் நிலை வேறு. அதில் வாசிக்கப்படும் கீர்த்தனைகள் அனைவர்க்கும் பொதுவானவை, அவை அழியா. நீரைத் தொடும் அந்த நுட்பமோ ஏட்டில் அடங்காது. ஆசிரியர் கையிலிருந்து மாணவர் கைக்கே செல்லவேண்டும். மாணவர் அற்றால் கலையும் அற்றுப்போகும்.

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்க்கு இஃது அயலார் கவலையன்று. 1981இல் தொடங்கப்பெற்றுப் பிரிக்பீல்ட்சில் இயங்கிவரும் நுண்கலை நிலையம் போன்றவற்றால் பரதமும் மரபிசையும் இம்மண்ணில் வேரூன்றியுள்ளன. கிள்ளான் உணவுக்கடைகளில் சூப் பரிமாறும் பீங்கான் கிண்ணம் எந்த மாணவருக்கும் பழக்கமானது. ஒலி நயமுள்ள கிண்ணங்களைத் தேர்ந்தெடுக்க நல்ல செவி வேண்டும். எனினும் நீரின் அளவால் சுரம் மாறுவதை வகுப்பறையிலேயே காட்டிவிடலாம். இசை கற்பிப்போர் அதிலிருந்து தொடங்கி, வியப்பைப் பயிற்சியாக மாற்றுதல் வேண்டும். கைதட்டலால் மட்டும் ஒரு கருவி வாழ்வதில்லை. கற்கும் கைகளால் வாழ்கின்றது.