கொள்கையும் கணக்கும்

மேடைப் பேச்சு வேறு. மன்றப் பேச்சு வேறு. மேடையில் பேசுவோர் கேட்போரின் கைதட்டலை நாடுவர். மன்றத்தில் பேசுவோர் எதிரில் இருப்போரின் விடையை நாடுதல் வேண்டும். தமிழில் மேடைப் பேச்சின் அழகைப் பற்றி எழுதியோர் பலர். மன்றப் பேச்சின் இலக்கணத்தை ஆராய்ந்தோர் மிகச் சிலரே. கேள்வி கேட்பதும் ஒரு கலை என்பதை உணர்வதற்கு, 1957 டிசம்பர் 16ஆம் நாள் இந்திய மக்களவையில் நடந்த விவாதத்தைக் காட்டிலும் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

அந்த விவாதத்தின் முன்கதை இது. 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி என்னும் உறுப்பினர், தனியார் இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒன்றில் பொதுமக்களின் பணம் எவ்வாறு தவறாகக் கையாளப்பட்டது என்பதை மக்களவையில் விரித்துரைத்தார். மறு ஆண்டே ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழில் நாட்டுடைமையாயிற்று. 245 நிறுவனங்கள் ஒன்றாகி, 1956 செப்டம்பர் முதல் நாள் ஆயுள் இன்ஷூரன்ஸ் கழகம் தோன்றியது. தனியார் கையில் பாதுகாப்பற்றிருந்த பணம் அரசின் கையில் பாதுகாப்பாக இருக்கும் என்பதே அக்கொள்கையின் உயிர்.

ஓர் ஆண்டு நிறைவதற்குள் அவ்வுயிர்க்கே ஊறு நேர்ந்தது. 1957 ஜூனில் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரோடு தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. கழகத்தின் முதலீட்டுக் குழுவை முன்கூட்டிக் கலந்துகொள்ளவில்லை. சில பங்குகளுக்குச் சந்தை விலையினும் மிகுதியான விலை கொடுக்கப்பட்டது. மக்களவையில் முதலில் எழுந்த கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள் ஐயத்தைத் தீர்க்கவில்லை, வளர்த்தன. அதன் பின்னரே பெரோஸ் காந்தி எழுந்தார்.

எழுந்தவர் எதிர்க்கட்சியினர் அல்லர் என்பது முதலில் நோக்கத்தக்கது. அவர் ஆளுங்கட்சியின் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகர். அவ்வாண்டுத் தேர்தலில் காங்கிரஸ் கட்சி 494 இடங்களில் 371 இடங்களைப் பெற்றிருந்தது. வாக்கெடுப்பால் அவ்வரசை அசைத்தல் இயலாது. வாக்கெடுப்பால் அசையாத அரசைக் கேள்வி அசைத்தது. மன்றம் என்பது தலைகளை எண்ணும் இடம் மட்டுமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி அப்பேச்சின் தன்மையை நோக்குவோம். அதில் வசைமொழி மேலோங்கவில்லை. நாள், விலை, பங்கின் எண்ணிக்கை, விற்றவர் யார், வாங்கச் சொன்னவர் யார் என்பனவே அதன் உடலாய் அமைந்தன. கல்கத்தாப் பங்குச் சந்தை தளர்ந்திருந்ததால் அதனைத் தாங்கவே பங்குகள் வாங்கப்பட்டன என்பது அரசுத் தரப்பின் விளக்கம். சந்தையைத் தாங்குவது நோக்கமாயின், சந்தையில் அல்லவா வாங்கியிருத்தல் வேண்டும்? ஒரே மனிதரோடு பேசி முடித்து வாங்கினால் தாங்கப்படுவது சந்தையா, அம்மனிதரா? உரத்த குரலில் கேட்க வேண்டிய தேவையே இல்லாத கேள்வி இது. மெல்லக் கேட்டாலும் விடை சொல்லியாக வேண்டும்.

பேச்சின் மற்றொரு சிறப்பு அதன் நோக்கம். ஊழல் ஒன்று வெளிப்பட்டவுடன், ‘நாட்டுடைமைக் கொள்கையே தவறு’ என்று சொல்வது எளிது. ‘கொள்கை நல்லது; ஆகவே கணக்குக் கேளாதீர்’ என்று வாயடைப்பதும் எளிது. பெரோஸ் காந்தி இரண்டையும் செய்யவில்லை. அவர் நாட்டுடைமையை விரும்பியவர். அது வருவதற்குத் துணைநின்றவர். விரும்பியதனாலேயே கணக்குக் கேட்டார். கொள்கையின் நண்பர் கேட்கும் கணக்கே கொள்கைக்குக் காப்பு. இவ்விவாதத்தின் பெருமை முழுவதும் இந்த ஒரு நிலையில் அடங்கியிருக்கிறது எனலாம்.

அரசு 1958 ஜனவரியில், பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளாவைத் தனி ஆளாகக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. விசாரணை மறைவில் நடைபெறவில்லை. பொதுமக்கள் முன்னிலையில் நடைபெற்றது. இடம் கொள்ளாத கூட்டம் கேட்பதற்காக வெளியே ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. பிப்ரவரி 10ஆம் நாள் அறிக்கை வந்தது. துறையில் நடந்தவற்றுக்கு அமைச்சரே பாராளுமன்றத்துக்கு விடை கூறவேண்டியவர். அதிகாரியின் பின்னால் அவர் ஒதுங்கி நிற்றல் ஆகாது என்பது அதன் சாரம். நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். அம்மாத இறுதியில் வரவு செலவுத் திட்டத்தை நேருவே மக்களவையில் படைத்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. கிருஷ்ணமாச்சாரி திறமை மிக்க அமைச்சர். இந்நிகழ்ச்சியில் அவருடைய பங்கு மிகச் சிறியது என்பதே நேருவின் எண்ணம். வாங்கும் முன் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதில் சாட்சியங்கள் முரண்பட்டன. தாம் செய்யாததற்கு ஒருவர் பதவி இழப்பது நீதியாகுமா?

தமிழ் கற்றோர்க்கு இக்கேள்வி புதியதன்று. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் விடை இருக்கிறது. கண்ணகியின் சொல்வன்மையைப் புகழாத ஆசிரியர் இல்லை. ஆயினும் வழக்கை வென்றது சொல்வன்மையா? தன் சிலம்பினுள் இருப்பது மாணிக்கம் என்றாள் அவள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் அரசன். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது. சரிபார்க்கத்தக்க ஒரு செய்தியே வழக்கை முடித்தது. அதன் பிறகு பாண்டியன் என் செய்தான்? பொய் சொன்னவன் பொற்கொல்லன், கொன்றவர் காவலர். ‘அவர்களைக் கேளுங்கள்’ என்று அவன் சொல்லவில்லை. பழியைத் தானே ஏற்றான்; அக்கணமே உயிர் நீத்தான். தன் பெயரால் நடந்தது தன் செயலே என்று அவன் கொண்டான்.

அமைச்சர் பொறுப்பு என்று இன்று வழங்கும் அரசியல் மரபின் உட்பொருளும் இதுவே. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றம் செய்தவனைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. பொறுப்பேற்றவனிடம் விடை பெறுவது மக்கள் மன்றத்தின் வேலை. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்ததால் குற்றவாளி ஆகிவிடவில்லை. 1962இல் மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார். மறு ஆண்டு மீண்டும் நிதியமைச்சரானார். அதிகாரிகளின் பொறுப்பின் அளவு பற்றிப் பிற்கால விசாரணைகளில் கருத்துகள் வேறுபட்டன. நிதித்துறைச் செயலாளராக இருந்து அன்று கடுங்குறைகூறலுக்கு ஆளான எச். எம். பட்டேல், 1977இல் நிதியமைச்சராகவே வந்தார். தனி மனிதர் பற்றிய தீர்ப்புகள் இவ்வாறு மாறின. துறையின் தலைவர் மன்றத்துக்கு விடை கூறவேண்டும் என்னும் நெறியோ மாறவில்லை.

இவ்விவாதத்தைக் குறையே இல்லாததாகப் போற்றுவதும் பொருந்தாது. அதன் வெற்றி பெரும்பாலும் ஒரு மனிதரின் துணிவைச் சார்ந்திருந்தது. ஆளுங்கட்சியிலேயே துணிவுடைய ஒருவர் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்? கேள்வி எழுந்தது பங்குகள் வாங்கப்பட்ட பின்னரே. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலிசிதாரர்களின் பணம் அதற்குள் கைமாறிவிட்டது. கணக்குக் கேட்கும் கடமையைத் தனி மனிதரின் வீரத்துக்கு விட்டுவிடும் மன்றம், வீரர் இல்லாத காலத்தில் ஊமையாகிவிடும். பெரோஸ் காந்தி 1960இல் மறைந்தார். மனிதர் மறைவர், மரபே நிற்க வேண்டும்.

அம்மரபு பாராளுமன்றத்தில் பிறப்பதன்று, பள்ளியில் பிறப்பது. பள்ளிச் சொற்போர்களில் அடுக்குமொழிக்குப் பரிசு கிடைக்கிறது. எதுகையும் மோனையும் ஏறி வரும் பேச்சுக்குக் கைதட்டல் எழுகிறது. தமிழின் அழகு மாணவர் நாவில் தவழ்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், எதிரணியினர் கூறிய ஒரு செய்தியைக் குறித்துவைத்து, ‘அது எந்த நாள், என்ன விலை, யார் சொன்னது?’ என்று கேட்டு அமரும் மாணவனுக்குப் பரிசு தரும் நடுவர் எத்தனை பேர்?

கண்ணகியின் பேச்சை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர், அவள் சிலம்பை உடைத்ததன் காரணத்தையும் கற்பிப்பாராக. சொல்லில் அழகு இருக்கலாம். சிலம்பினுள் மாணிக்கம் இருந்தாக வேண்டும்.