முன்வரிசையில் கேப்டன், மேடையில் எம்.எஸ்.

எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1974இல் மகசேசே விருது கிடைத்தது. எந்தப் பிரிவில் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை: பொதுச்சேவை. பாடகிக்கு எதற்குச் சேவை விருது என்று கேட்பவர்கள் அவர் பாடிய கச்சேரிகளைக் கணக்கெடுத்துப் பார்க்கட்டும். 1944இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள். பிறகு மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில் என்று நிதி திரட்டப் பாடியவை மட்டும் 200க்கு மேல். கச்சேரி போக மிஞ்சிய நேரத்தில் செய்த தொண்டு அல்ல இது. அவருடைய பாணியைச் செதுக்கியதே இந்தத் தொண்டுதான் என்பது என் கட்சி.

சபாவில் சீசன் டிக்கெட் வாங்கியவர் இரண்டு பிடியிலேயே ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். நிதிக் கச்சேரிக் கூட்டம் அப்படியல்ல. ராகமே தெரியாமல், நல்ல காரியத்துக்கென்று டிக்கெட் வாங்கியவர்கள் பாதிப் பேர். தமிழ் தெரியாதவர்களும் இருப்பார்கள். இவர்களையும் ரசிகர்களையும் ஒரே இருப்பில் கட்டிப்போட வேண்டும்.

எம்.எஸ். ஆட்டத்தை வகுத்த விதம் அதற்குத் தோதானது. வர்ணத்தில் கை கால் உதறிக்கொண்டு, விறுவிறுப்பான கீர்த்தனைகளில் வேகம் பிடிப்பார். நடுவில் சங்கராபரணமோ காம்போதியோ நின்று ஆடும். கடைசிப் பகுதியில் மீரா பஜன், அபங்கம், தமிழ்ப் பாட்டு என்று ஆளுக்கொன்று கிடைக்கும். எந்த மொழியானாலும் பொருள் கேட்டு, உச்சரிப்பைத் திருத்திக்கொண்டுதான் மேடைக்குக் கொண்டுவருவார். மேல் ஷட்ஜத்தில் அவர் நிற்கும்போது குரல் எது, தம்பூரா எது என்று பிரிக்க வராது. அந்தச் சுருதிச் சுத்தம் பண்டிதருக்கும் பாமரருக்கும் பொது.

கூட்டணி

மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்தவருக்கு வீடும் மேடையும் தொடக்கத்திலிருந்தே வேறு வேறாக இருந்ததில்லை. சதாசிவத்தை 1940இல் மணந்தபோது அவருடைய மகள் ராதாவும் எம்.எஸ்ஸின் மகளானார். 1945இல் வந்த ‘மீரா’ படத்தில் சிறுமி மீரா இந்த ராதாதான். பின்னாளில் அம்மா மேலே சஞ்சரிக்கும்போது கீழே தாங்கிப் பிடித்தது ராதாவின் குரல். எம்.எஸ். மூச்சு எடுக்கும் இடம் கேட்பவருக்குத் தெரியாது. கேப்டன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். எதைப் பாடுவது, எப்போது முடிப்பது என்பதெல்லாம் சதாசிவத்தின் முடிவு.

கூட்டணிக்குக் கடினமான ஆடுகளம் 1966 அக்டோபர் 23இல் அமைந்தது: ஐக்கிய நாடுகள் சபை. காஞ்சிப் பெரியவர் எழுதிய ‘மைத்ரீம் பஜத’வும் ராஜாஜியின் ஆங்கிலப் பாட்டும் அன்றைய பட்டியலில் இருந்தன. ராகம் தெரியாத கூட்டத்துக்குப் பாடி அத்தனை வருஷம் பழகிய தொண்டைக்கு நியூயார்க் புது ஊர், பழைய வேலை.

குறை உண்டா?

உண்டு. ஒத்திகை வாசனை அடிக்கிறது, மனோதர்மத்தில் துணிந்து இறங்குவதில்லை என்று விமர்சகர்கள் சொன்னார்கள். டி.கே. பட்டம்மாளின் பல்லவியில் வரும் லயக் கணக்குகளை எம்.எஸ்ஸிடம் தேடினால் ஏமாற்றம்தான். முன்கூட்டியே வகுத்த பட்டியலுக்கு இது விலை. ஆனால் விக்கெட் போனாலும் போகட்டும் என்று மட்டையை வீச, அவர் தனக்காக மட்டும் ஆடவில்லை. டிக்கெட் காசு ஒரு மருத்துவமனைக்குப் போகும் நாளில் கச்சேரி சொதப்பக் கூடாது. அப்படி ஆடியவருக்குத்தான் 1968இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி வந்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

அறுபதைத் தாண்டிய பிறகும் பயிற்சி நிற்கவில்லை. திருப்பதி தேவஸ்தானத்துக்காக அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைப் புதிதாகப் பாடம் பண்ணி இசைத்தட்டில் பதிந்தார். ராதாவைக் கொடிய நோய் தாக்கியபோது அணியின் ஒரு கை ஒடிந்தது. அப்போதும் ஆட்டம் தொடர்ந்தது. 1997 நவம்பரில் சதாசிவம் மறைந்தார். எம்.எஸ்ஸுக்கு அப்போது வயது 81. 2004 டிசம்பர் 11இல் கண்மூடும்வரை அவர் கச்சேரி மேடை ஏறவில்லை. முன்வரிசை நாற்காலி காலியான பிறகு, பட்டியல் யாருக்கு?