வலப்பக்கம் தெரிந்த பால் பொட்டு

பிறந்த சுண்டெலிக் குஞ்சுக்கு மயிர் முளைத்திருக்காது. குடித்த பால் இரைப்பையில் நிறைந்து, மெல்லிய தோலுக்கு அடியில் இடப்பக்கம் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். ஹூஸ்டன் பேலர் மருத்துவக் கல்லூரியில் பால் ஓவர்பீக் வளர்த்த ஓர் எலிக் குடும்பத்தில், சில குஞ்சுகளுக்கு அந்தப் பொட்டு வலப்பக்கம் இருந்தது. இதயம் உட்பட உள்ளுறுப்புகள் இடம் வலம் மாறியிருந்தன. 1993-இல் சக ஆய்வாளர் யோகோயாமாவும் அவரும் இதைச் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்.

அவர்கள் இதைத் தேடிப் போகவில்லை. நிறமி இல்லாத வெள்ளைச் சுண்டெலிக்கு நிறம் தரும் டைரோசினேஸ் ஜீனை, கருவுற்ற முட்டைக்குள் ஊசியால் செலுத்தினார்கள், அவ்வளவுதான். இப்படிச் செலுத்தும் டி.என்.ஏ. எந்த குரோமோசோமில் போய் ஒட்டும் என்பது ஊசி பிடித்தவர் கையில் இல்லை. இங்கே அது நான்காம் குரோமோசோமில் வேறொரு ஜீனுக்குள் விழுந்து அதைக் கெடுத்துவிட்டது. தாய் வழி, தந்தை வழிப் பிரதிகளில் ஒன்று கெட்டால் மற்றது சமாளிக்கும். இரண்டும் கெட்ட குஞ்சுகளுக்குத்தான் உறுப்புகள் மாறின. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள், மஞ்சள் காமாலை வேறு. பெரும்பாலும் ஒரு வாரம் தாண்டவில்லை, பாவம்.

நான் வியந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. இடம் வலம் தீர்மானிக்கும் ஜீன் கெட்டால் குழப்பம்தானே வரவேண்டும்? அதற்கு முன்பே தெரிந்திருந்த 'ஐவி' என்ற வேறொரு வகை எலிகளில் அப்படித்தான்: பாதிக்கு நேர், பாதிக்குத் தலைகீழ். இந்தக் குடும்பத்திலோ, இரண்டு பிரதியும் கெட்டவை ஏறக்குறைய எல்லாமே தலைகீழ். ஒழுங்கு குலையவில்லை, திரும்பிக்கொண்டது! இயற்கை இவ்வளவு சுத்தமாகத் தவறு செய்வது அபூர்வம்.

இன்னொரு நயம்: சுவரை இடித்த லாரி நம்பர் பிளேட்டோடு அங்கேயே நிற்பதுபோல, ஜீனைக் கெடுத்த டி.என்.ஏ. இடித்த இடத்திலேயே இருந்தது. எந்த எலி அதைச் சுமக்கிறது என்பதை ரோமத்தின் நிறமே காட்டிக் கொடுத்தது. அதைத் தடயமாக வைத்தே 1998-இல் கெட்டுப்போன ஜீனைப் பிடித்து, இன்வெர்சின் என்று பெயரிட்டார்கள். 2003-இல், சிறு வயதிலேயே சிறுநீரகம் செயலிழந்த குழந்தைகள் சிலரிடம் இதே ஜீன் பழுதாகியிருப்பது தெரிய வந்தது.