சீட்டில் இல்லாத கேள்வி: தலைவலி ஸ்கேனும் கான்ட்ராஸ்ட் மருந்தும்

தலைவலியோடு வருபவருக்குத் தலை சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது, கைச் சிரை வழியாக அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தையும் செலுத்தியே எடுக்க வேண்டும் என்போர், இந்தியச் சூழலுக்கே உரிய ஒரு காரணத்தை முன்வைக்கின்றனர். மூளையில் தோன்றும் காசநோய்க் கட்டியும், பன்றி நாடாப்புழுவின் இளநிலைக் கூடும் மேலை நாடுகளில் அரியவை, இங்கே பழகியவை. மருந்தில்லாத வெற்று ஸ்கேனில் அவை தப்பிவிடக்கூடும். ஆகவே தலைவலிக்குக் கான்ட்ராஸ்ட் சி.டி.யைப் பெரும்பாலும் பரிந்துரைக்காத அமெரிக்க நெறிமுறைகள் இந்திய நோயாளிக்குப் பொருந்தா என்பது அவர்தம் வாதம். பெங்களூரில் தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அல்சூர் போன்ற ஒரு பகுதியில், தலைவலி நீடித்தால் தெருமுனைக் கிளினிக்கின் சீட்டோடு ஸ்கேன் சென்டருக்குப் போவது எளிதாகிவிட்ட நிலையில், இந்த வாதத்தை எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இம்மருந்தின் பயனை மறுப்பதற்கில்லை. அயோடின் அணு கனமானது. அது எக்ஸ் கதிரை மிகுதியாக உறிஞ்சுவதால், மருந்து சேர்ந்த இடம் படத்தில் வெண்மையாகத் தெரிகிறது. நலமான மூளையில், ரத்தத்திலிருந்து எதையும் எளிதில் கசியவிடாத நுண்குழாய்ச் சுவர் ஒன்று உண்டு. ரத்த-மூளைத் தடுப்பு எனப்படும் அச்சுவர் கட்டியாலோ சீழாலோ ஒட்டுண்ணியாலோ சிதைந்த இடத்தில் மருந்து கசிந்து ஒளிர்கிறது. பாதுகாப்பைப் பற்றிய அச்சமும் இன்று பெரிதும் தணிந்துவிட்டது. ஜப்பானில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 1990இல் வெளியான ஆய்வில், அயனியற்ற புதுவகை மருந்தால் கடும் ஒவ்வாமை நேர்ந்தவர்கள் 0.04 விழுக்காட்டினரே. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பழைய அச்சமும் மிகைப்படுத்தப்பட்டது என்பதை 2020இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களும் சிறுநீரக அமைப்பும் சேர்ந்தே ஒப்புக்கொண்டனர். இந்த மருந்தை எதிர்ப்பவர்கள் நச்சு என்ற சொல்லைக் கையாள்வது தவறு.

இந்தியக் காரணம் என்று சொல்லப்படுவதைத்தான் நெருங்கிப் பார்க்க வேண்டும். அதன் வேர் வேலூரில் இருக்கிறது. வலிப்பு வந்த இந்திய நோயாளிகளின் கான்ட்ராஸ்ட் ஸ்கேனில் வளையம்போல் ஒளிரும் ஒற்றைச் சிறுபுள்ளி ஒன்று 1980களில் அடிக்கடி காணப்பட்டது. அதைக் காசநோய்க் கட்டி என்று கொண்டு, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பது வழக்கமாக இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் சக மருத்துவர்களும், அவற்றுள் பல உண்மையில் நாடாப்புழுக் கூடுகளே என்பதை அறுவையில் எடுத்த திசுவைக் கொண்டு நிறுவி 1989இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். பின்னர் 1993இல், புள்ளியின் அளவு 20 மில்லிமீட்டருக்குக் குறைவு, மூளையின் நடுக்கோடு விலகாமை போன்ற அடையாளங்களால் இரண்டையும் பிரித்தறியும் வழியையும் வகுத்துத் தந்தனர். இந்திய நரம்பியல் பெருமைப்பட வேண்டிய பணி அது. ஆனால் அந்நோயாளிகள் அனைவரும் வலிப்போடு வந்தவர்கள். அவர்களைப் பற்றிய சான்றை, வலிப்பும் காய்ச்சலும் நரம்புக் குறைபாடும் இல்லாமல் தலைவலி மட்டும் உள்ள ஒருவர்மேல் ஏற்றிவைப்பது, ஒரு நல்ல ஆய்வை அது சொல்லாத ஒன்றுக்குச் சாட்சியாக்குவதாகும். வேலூர் மருத்துவர்கள் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தியதற்கு முன்பே அவர்களிடம் ஒரு கேள்வி இருந்தது: இந்த வலிப்பு எதனால் வந்தது?

தலைவலிக்கெல்லாம் கான்ட்ராஸ்ட் என்ற வழக்கத்தின் குறை இங்கேதான் இருக்கிறது. மற்றக் குறைகள் யாவும் இதன் கிளைகள். தலைவலிக்கான ஸ்கேன் சீட்டில் நோயாளியின் பெயர், வயதுக்குக் கீழே ‘தலைவலி’ என்ற ஒரு சொல்லும், ‘பிளெயின் அண்ட் கான்ட்ராஸ்ட்’ என்ற குறிப்பும் மட்டும் இருக்குமானால், அது ஒரு கட்டளையே தவிர வினா அன்று. வலி நொடியில் உச்சத்துக்கு ஏறியதா, மாதங்களாக வந்துபோகிறதா, இருமினால் கூடுகிறதா, ஐம்பது வயதுக்குமேல் முதன்முறையாக வந்ததா, அண்மையில் குழந்தை பெற்றவரா, எடை குறைகிறதா என்று ஒருவர் கேட்டிருந்தால், எந்த ஸ்கேன் என்பது அவ்விடைகளிலிருந்து தானே தெளிந்திருக்கும். கேளாமல் விட்டதை ஈடுசெய்யவே மருந்து சேர்க்கப்படுகிறது.

அது ஈடுசெய்வதுமில்லை. திடீரென்று தாக்கும் கடுந்தலைவலியில் முதலில் அஞ்ச வேண்டியது, மூளையை மூடியுள்ள சிலந்திவலைப் படலத்தின் அடியில் ரத்தம் கசிவது. புதிதாகக் கசிந்த ரத்தம் மருந்தில்லாத படத்தில் தானாகவே வெண்மையாகத் தெரியும். கனடாவில் 3,132 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் எடுத்த வெற்று ஸ்கேன், கசிவு இருந்த ஒருவரையும் தவறவிடவில்லை. மருந்தை முதலிலேயே செலுத்திவிட்டால், அதனால் வெளுத்த ரத்தக் குழாய்களுக்கும் கசிந்த ரத்தத்துக்கும் வேறுபாடு காண்பது கடினமாகிறது. வெற்று ஸ்கேனை முதற்சுற்றில் எடுத்துவிடுவதால் இந்தக் குழப்பம் நேராது என்பர். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்விக்கு முதற்சுற்றே விடை சொல்லிவிட்டது, இரண்டாவதற்கு வேறொரு கேள்வி தேவைப்படுகிறது.

அந்த வேறொரு கேள்வி மூளையின் சிரைக்குழல்களில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்பதாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் பெண்களைத் தாக்கும் இந்நோயை, மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் நீண்ட காலம் ஆராய்ந்துள்ளனர். அந்நிறுவனம் அல்சூர் இருக்கும் அதே நகரில், ஓசூர் சாலையில் இருக்கிறது. இதற்கு மருந்து கட்டாயம் வேண்டும், ஆனால் நேரம் பார்த்து வேண்டும். கையில் விரைந்து செலுத்திய மருந்து ஏறத்தாழ 20 வினாடிகளில் மூளைத் தமனிகளையும், 40, 45 வினாடிகளில் சிரைக்குழல்களையும் நிறைக்கிறது. தமனியின் வீக்கப் பையைத் தேடுபவர் முந்தைய கணத்திலும், உறைகட்டியைத் தேடுபவர் பிந்தைய கணத்திலும் படம் எடுக்க வேண்டும். இவை ஆஞ்சியோகிராம், வெனோகிராம் என்று தனித்தனியே பெயர் பெற்றவை. வழக்கமான கான்ட்ராஸ்ட் ஸ்கேனோ, மருந்து திசுவில் கசிவதற்காகச் சில நிமிடங்கள் காத்திருந்து எடுக்கப்படுவது. உறைகட்டி இருப்பதற்கான அடையாளம் அதிலும் சில வேளை தென்படலாம். தென்படாததால் அந்நோய் இல்லை என்று சொல்ல அதற்கு உரிமையில்லை. ‘பிரசவமாகி இரண்டு வாரம், சிரை உறைவு உண்டா’ என்று சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால், அதே மருந்தையும் அதே இயந்திரத்தையும் கொண்டு சரியான கணத்தில் படம் பிடித்திருக்க முடியும். எழுதாததால், மருந்தேறிய பிறகும் நோய் மறைந்தே இருக்கிறது.

அவசரமில்லாத தலைவலியில் நிலைமை இன்னும் தெளிவு. கட்டியோ தொற்றோ இருக்குமோ என்ற ஐயம் உண்மையாகவே எழுந்தால் எம்.ஆர்.ஐ. மேலானது, அது கிட்டாதபோதும், உடலில் பேஸ்மேக்கர் போன்ற தடைகள் இருக்கும்போதும், எச்.ஐ.வி. தொற்றோ புற்றுநோயோ உள்ளவரிடத்திலும் கான்ட்ராஸ்ட் சி.டி. தக்க துணை. இவற்றுக்கு வெளியே இருக்கும் பெருங்கூட்டம் எத்தகையது என்பதை நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பங்கேற்று 2015இல் வெளியிட்ட கர்நாடக ஆய்வு காட்டுகிறது: ஓராண்டுக்குள் தலைவலி கண்டவர்கள் 63.9 விழுக்காடு, ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேன் மட்டுமே 25.2 விழுக்காடு. நால்வரில் ஒருவரைத் தொடும் அந்நோயை எந்த ஸ்கேனும் காட்டுவதில்லை. நோயாளியின் சொல்லிலிருந்து மட்டுமே அது அறியப்படுகிறது. வலி ஒரு பக்கமா, துடிக்கிறதா, ஒளியும் ஓசையும் பொறுக்கவில்லையா, குமட்டுகிறதா என்று கேட்கப் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை மருத்துவம் நோயாளிக்குத் தர மறுத்துவிட்டு, அதற்கு மாற்றாகச் சிரையில் மருந்தை ஏற்றுகிறது.

மூளையின் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று விழியின் உட்புறம் நோக்கி அறியும் கருவியை ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இலேயே உருவாக்கிவிட்டார். பார்வை நரம்பின் முகப்பு வீங்கியிருப்பதை அது காட்டும். வெளிப்படையான காரணமின்றி மூளையழுத்தம் ஏறி, கவனியாவிட்டால் பார்வையையே பறிக்கும் நோயில், கான்ட்ராஸ்ட் சி.டி. பெரும்பாலும் இயல்பாகவே இருக்க, அந்த வீக்கமே துப்பாகிறது. ‘எல்லாம் நார்மல்’ என்ற அறிக்கையோடு வீடு திரும்பும் இளம்பெண்ணின் பார்வை மங்கத் தொடங்கினால், அந்த அறிக்கை அவளைக் காக்கவில்லை, தாமதப்படுத்தியது. விழியைப் பாராமல் மூளையை மருந்திட்டுப் படம் எடுப்பதை முழுமையான பரிசோதனை என்று அழைக்க இடமே இல்லை.

‘மருந்து சேர்ப்பதால் என்ன கெட்டுவிடப் போகிறது’ என்ற கடைசி வாதத்துக்கும் விடை இருக்கிறது. தலையை ஒருமுறை ஸ்கேன் செய்யச் சுமார் 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு ஆகிறது. இருமுறை எடுத்தால் ஏறத்தாழ இரட்டிப்பு. உலகில் ஒருவர் ஓராண்டில் இயற்கையிலிருந்து பெறும் சராசரி அளவோ 2.4. கட்டணமும் கூடுகிறது. ஆயினும் பெருங்கேடு இவையல்ல. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், சி.டி. ஸ்கேனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரத்துக்குள் வைக்கப்பட்ட முதல் நோயாளிக்கு, மூளையின் முன்மடலில் கட்டி இருக்கிறதோ என்ற குறிப்பிட்ட ஐயம் இருந்தது. மருந்தே செலுத்தாமல் அந்தப் படம் அதற்கு விடை சொன்னது. அந்த இயந்திரம் இன்று எத்தனையோ மடங்கு கூர்மையாகிவிட்ட பின், அதற்கு முன்னால் வைக்கப்படும் கேள்வி மழுங்கிவிட்டதைத்தான் ஏற்க முடியவில்லை.

மாதத்தில் பாதி நாளுக்குமேல், மூன்று மாதத்துக்கும் அதிகமாக, மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரைகளை விழுங்குபவருக்கு அந்த மாத்திரைகளே தலைவலியை உண்டாக்கக்கூடும். அவருக்குத் தேவையான சிகிச்சை மாத்திரையை நிறுத்துவது. தேவையான பரிசோதனை, ‘இந்த மாதம் எத்தனை மாத்திரை போட்டீர்கள்’ என்று கேட்பது. அது கேட்கப்படாத இடத்தில், ஸ்கேன் நார்மல் என்று அறிந்து மனம் தேறிய நோயாளி வலி தாங்காமல் திரும்பவும் மெடிக்கல் ஷாப்புக்கே போகிறார்.