மணிமேகலையிற் கருணையும் வினாவும் நம்பிக்கையும்: சபரகமுவத் தோட்டங்களை முன்னிறுத்திய ஒரு மறுநோக்கு

மணிமேகலையைப் பௌத்த தத்துவத்தைச் செய்யுளில் விளக்கும் சமயக் காப்பியமென வகுத்து, அதன் அளவையியற் பகுதிகளைத் தனியே ஆராய்வது நமது ஆய்வுலகில் நிலைபெற்ற மரபாகும். கருணை, வினா, நம்பிக்கை ஆகிய மூன்றும் அக்காப்பியத்தில் எவ்வொழுங்கில் அமைந்துள்ளன, சபரகமுவத் தோட்டங்களின் வரலாற்றோடு ஒப்பவைக்கும்போது அவ்வொழுங்கு யாது பொருள் தருகிறது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விணைப்பு வலிந்து கொள்ளப்பட்டதன்று. சிவனொளிபாதமலையைச் சமனொளி என்னும் பெயரால் மணிமேகலை அறிந்திருக்கிறது. அம்மலை சார்ந்த இரத்தினபுரியிலும் அயலிலுள்ள கேகாலையிலும், தேயிலை, றப்பர்த் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்ட தமிழ்த் தொழிலாளர், பௌத்த சிங்களக் கிராமங்களின் நடுவே தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர்.

அமுதசுரபி கோமுகியினின்று வெளிப்படுவது வைகாசி விசாகப் பூரணையில், அதாவது வெசாக் நாளில். பாத்திரம் பெற்ற மணிமேகலை முதற்கண் பசி களைகிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். 27ஆம் காதையில், ஆண் தவசி வேடத்துடன் வஞ்சி நகர்ச் சமயவாதிகள் ஒவ்வொருவரையும் வினவுகிறாள். 29ஆம் காதையில் அறவண அடிகளிடம் அளவை நெறி கேட்கிறாள். மும்மணிகளைச் சரணடைந்து நோற்பது இறுதியான 30ஆம் காதையிலேயே. முற்பிறப்புணர்ந்தவளாயினும் அவளது நோன்பு பசித்தோரையும் மாற்றாரின் வாதங்களையும் எதிர்கொண்ட பின்னரே முழுமை பெறுகிறது. வினவுதல் நம்பிக்கைக்குப் பகை என்னும் கருத்துக்கு இக்காப்பியத்தில் இடமில்லை.

இம்மூன்றும் சமூக முரண்பாட்டிற் சிக்கிச் சோதிக்கப்படும் இடம் ஆபுத்திரன் வரலாறு. வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவை அவன் விடுவிக்கிறான். அந்தணர் அவனது செயலின் நியாயத்தை மறுக்க இயலாதபோது அவனது பிறப்பைப் பழிக்கின்றனர். அவன் அவர்தம் முன்னோரின் பிறப்பையே திருப்பி வினவுகிறான். பிறப்பு என்னும் அளவுகோலைக் கொண்டு கருணையை ஊரைவிட்டு விரட்டும் அதிகாரத்தை இப்பகுதி தெளிவாகக் காட்டுகிறது.

ஈண்டு சபரகமுவத்தை நோக்குவோம். வெசாக் நாளில் வீதியோரத் தன்சல்களில் தோட்டத் தமிழரும் வரிசையில் நின்று உண்கின்றனர். எவரது பிறப்பும் அங்கு கேட்கப்படுவதில்லை. எளிய மக்களின் அக்கருணையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயின் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பிறப்பையே கேட்டது. இந்நாட்டிற் பிறந்த தொழிலாளியும், தந்தை இங்கு பிறந்தவரென்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்களென்றோ சான்று காட்ட வேண்டியிருந்தது. தாய்தந்தையரை அனுமானத்தாலன்றி அறியவியலாது எனப் பூதவாதிக்கு மணிமேகலை உணர்த்தியதை இங்கு நினைவுகூரலாம். கூலி உழைப்பை ஏற்று உழைப்பவனை மறுத்த அச்சட்டத்தின் விளைவுகளை முற்றாக நீக்குதற்கான சட்டம் 2003இலேயே இயற்றப்பட்டது. இடையில், 1981 ஆகஸ்டில், இரத்தினபுரி மாவட்டத் தோட்டத் தமிழர் மீது வன்முறை ஏவப்பட்டது.

பசியைப் பொறுத்தவரை காப்பியத்தின் எல்லையும் புலப்படுகிறது. துன்பத்தின் காரணங்களைப் பன்னிரு நிதானங்களாகத் தொடர்ந்து ஆராயும் மணிமேகலை, பசியின் சமூகக் காரணத்தை அம்முறையில் ஆராயவில்லை. காயசண்டிகையின் தீராப்பசிக்கு முனிவரின் சாபம் காரணமாகிறது. காஞ்சியின் பசிக்கு மழையின்மை காரணமாகிறது. தீர்வு வற்றாத பாத்திரம். ஆனால் 1973-74இல் தோட்டங்களில் நேர்ந்த பட்டினிச் சாவுகளை மழையின்மையைக் கொண்டு விளக்கவியலாது. ஏற்றுமதிக்கெனப் பயிர் வளர்த்தோருக்குத் தமக்கென நெல் விளைக்க நிலமில்லை. பங்கீட்டு உணவு குறைந்தது. கூலி விலைவாசியை எட்டவில்லை. இப்பசியின் வேர் உற்பத்தி உறவுகளிலேயே உள்ளது. இதனை முற்பிறப்பின் வினையென்று கூறுவது, கோயிலிற் கூறப்படினும் விகாரையிற் கூறப்படினும், சுரண்டலுக்கு அரண் செய்வதேயாகும்.

எனினும் இவ்வெல்லையைக் கடக்கும் குறிப்பு காப்பியத்திலேயே உண்டு. இந்திரன் பாண்டிநாட்டில் மழை பெய்விக்க, விளைவு பெருகுகிறது. உண்போரின்றி ஆபுத்திரனின் அம்பலம் வெறுமையடைகிறது. இந்திரனின் நோக்கம் பழிவாங்கலாயினும் அதன் விளைவு ஆழ்ந்து நோக்கற்பாலது. வாழ்வதற்கான பொருள்வளம் மக்களுக்குக் கிட்டுமிடத்து ஈகைப்பாத்திரத்துக்குத் தேவையில்லை. அங்ஙனம் கருணையின் நிறைவு, தன்னை வேண்டாததாக்கும் சமூகத்தில் உள்ளது. ஆபுத்திரன் இதனைத் தன் அறத்தின் வெற்றியாகக் கொள்ளவில்லை. ஏற்போரைத் தேடிக் கப்பலேறுகிறான். ஈவோன், ஏற்போன் என்னும் பிரிவைத் தாண்டி அக்காலச் சிந்தனை செல்லவில்லை என்பதையே இது காட்டுகிறது.

ஆகவே மணிமேகலையை நாம் போற்றுவது அது தரும் விடைகளுக்காக மட்டுமன்று. எச்சமயத்தாரையும் நேர்நின்று வினவும் துணிவை அது ஒரு பெண்ணின் கையில் ஒப்படைத்தது. லயன் அறையில் வாழ்பவரின் நிலவுரிமையையும் கூலியையும் பற்றி அத்துணிவுடன் வினவும்போதே, சமனொளியின் அடிவாரத்திற் பேசப்படும் கருணை பொருளுடையதாகும்.