மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கான மாற்று ஸ்டெபிலைசர் பார்கள்: ஒரு மதிப்பீடு

கார் வளைவில் திரும்பும்போது அதன் உடல் வெளிப்பக்கமாகச் சாய்வதைக் குறைப்பதற்காக, இடச் சக்கரத்தின் சஸ்பென்ஷன் கையையும் வலச் சக்கரத்தின் சஸ்பென்ஷன் கையையும் குறுக்கே இணைத்துப் பொருத்தப்படும் வளைந்த எஃகுத் தண்டே ஸ்டெபிலைசர் பார் எனப்படுகிறது. இரு சக்கரங்களும் ஒருசேர ஏறி இறங்கினால் இத்தண்டு தன் தாங்கிகளுக்குள் வெறுமனே சுழன்று கொடுக்கும். ஒரு சக்கரம் ஏற, மற்றொன்று இறங்கும்போதுதான் அது முறுக்கப்பட்டு, அந்த முறுக்கத்தை எதிர்க்கும் விசையால் உடலின் சாய்வைத் தடுக்கிறது. விலை அதிகமில்லை, கழற்றி மாட்டுவது எளிது, பலன் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும் என்பதால், ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் முதலில் மாற்ற நினைக்கும் உறுப்புகளுள் இதுவும் ஒன்றாக இருக்கிறது. அவசரத்தில் தவறாக வாங்கப்படும் உறுப்புகளுள்ளும் இதற்கு முன்னிடம் உண்டு. 1989இல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, வட அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் ரோட்ஸ்டர் என்றும் வழங்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5, எடை குறைந்த பின்சக்கர இயக்க வண்டி என்பதாலும், அதற்கென விற்கப்படும் மாற்றுப் பார்களின் வகைகள் ஏராளம் என்பதாலும், இத்தேர்வின் நுட்பங்களைச் சோதித்துப் பார்ப்பதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

விற்பனை விளம்பரங்கள் சாய்வு குறைவதையே முதன்மைப்படுத்திப் பேசினாலும், பாரின் முக்கியமான வேலை வேறு. வளைவில் உட்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்க டயர்களுக்கு மாறும் சுமையின் மொத்த அளவை நிர்ணயிப்பவை காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இட வலச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம், திரும்பலின் வேகம் ஆகியவையே. எவ்வளவு தடித்த பாரை மாட்டினாலும் அந்த மொத்தம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். மாறுவதெல்லாம், அந்தச் சுமை மாற்றத்தில் முன் அச்சு எவ்வளவை ஏற்கிறது, பின் அச்சு எவ்வளவை ஏற்கிறது என்னும் பங்கீடுதான். டயரின் மீதுள்ள சுமை இரட்டிப்பானால் அதன் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, சற்றுக் குறைவாகவே கூடுகிறது என்பதால், எந்த அச்சில் சுமை மாற்றம் மிகுதியோ அந்த அச்சின் இரு டயர்களும் சேர்ந்து தரும் பிடிப்பு குறைந்துவிடுகிறது. ஆகவே முன் பாரை விறைப்பாக்கினால் முன்சக்கரங்கள் முதலில் வழுக்கி, கார் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளியே விலகிச் செல்லும் அண்டர்ஸ்டீர் நோக்கி வண்டி நகர்கிறது. பின் பாரை விறைப்பாக்கினால் பின்பகுதி வழுக்கிச் சுழல முற்படும் ஓவர்ஸ்டீர் நோக்கி நகர்கிறது. பார் வாங்குபவர் உண்மையில் இந்தச் சமநிலையையே விலை கொடுத்து மாற்றுகிறார்.

எந்த அளவுக்கு மாற்றுகிறார் என்பதைக் கணக்கிடுவது கடினமன்று. உட்கூடற்ற திடத் தண்டின் முறுக்க விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்துக் கூடுவதால், கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் வேறுபாடுகூடச் சாலையில் பெரிதாக வெளிப்படும். முதல் தலைமுறையின் 1.6 லிட்டர் வண்டியில் முன் பார் 19 மி.மீ., பின் பார் 12 மி.மீ. விட்டம் கொண்டவை. முன் பாரை 22 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய 80 விழுக்காடு உயரும், 24 மி.மீ. ஆக்கினால் இரண்டரை மடங்காகும். பின்புறத்திலோ 12க்குப் பதில் 14 மி.மீ. மாட்டினாலே 85 விழுக்காடு ஏறிவிடும் என்பதால், முன்னும் பின்னும் ஒரே அளவு தடிப்பைக் கூட்டினால் சமநிலை மாறாது என்ற எண்ணம் அடிப்படையிலேயே பிழையானது. ஆண்டுக்கும் சந்தைக்கும் ஏற்ப மாஸ்டா இந்த அளவுகளை மாற்றியிருப்பதால், வாங்குமுன் தன் வண்டியில் உள்ள பாரை வெர்னியர் காலிப்பர் கொண்டு அளந்துகொள்வது அவசியம்.

உட்கூடான குழாய்ப் பார்கள் எடையைக் குறைக்கும் நோக்கில் செய்யப்படுபவை. முறுக்கத்தை எதிர்ப்பதில் தண்டின் வெளிப்பகுதிக்கே பெரும்பங்கு என்பதால் நடுப்பகுதியின் எஃகை நீக்கினாலும் இழப்பு சிறிதே, 25 மி.மீ. வெளி விட்டமும் 4 மி.மீ. சுவர்த் தடிப்பும் உள்ள குழாய், 23.5 மி.மீ. திடத் தண்டின் விறைப்பைச் சுமார் 40 விழுக்காடு குறைந்த எடையில் தந்துவிடுகிறது. சுவர்த் தடிப்பைக் குறிப்பிடாமல் வெளி விட்டத்தை மட்டும் அச்சிட்டு விற்கப்படும் குழாய்ப் பாரை ஒப்பிட வழியே இல்லை என்பதால், அதை ஒதுக்கிவிடுவதே நன்று. விட்டத்துக்கு அடுத்து முக்கியமானது, நெம்புகோலாகச் செயல்படும் பாரின் வளைந்த கையின் நீளம்: கையின் முனையில் இரண்டு மூன்று துளைகள் இட்டிருப்பது இதற்காகவே. நெம்புகோலின் நீளம் குறையக் குறைய, விறைப்பு அந்நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் கூடும், 250 மி.மீ. கையை 220 மி.மீ. துளைக்கு மாற்றினால் சுமார் 29 விழுக்காடு விறைப்பு ஏறும். துளையிட்ட பாருக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை, ஏனெனில் டயர் மாறினாலோ ஸ்பிரிங் மாறினாலோ சமநிலையைத் திருத்திக்கொள்ள அது மலிவான வழி.

விளம்பரங்களில் காணும் விழுக்காடுகளை அப்படியே நம்புவதற்கில்லை. அச்சின் மொத்தச் சாய்வு விறைப்பில் சுருள் ஸ்பிரிங்குகளுக்கும் பங்குண்டு. அந்தப் பங்கு 60 விழுக்காடு, பாருக்கு 40 என்று கொண்டால், பாரின் விறைப்பை இரட்டிப்பாக்கினாலும் அச்சின் விறைப்பு 40 விழுக்காடே உயரும்.

இனி எம்எக்ஸ்-5 வண்டிக்கே உரிய நிலைமை. முன் பாரைத் தடிப்பாக்கினால் அண்டர்ஸ்டீர் வரும் என்ற விதி உண்மையாக இருக்க, இவ்வண்டியில் தேர்ந்த ஓட்டுநர்கள் பலரும் முன் பாரையே முதலில் மாற்றுவது முரண்பாடாகத் தோன்றலாம். இதற்கு இரு காரணங்கள் உண்டு. முதல் இரு தலைமுறைகளில் சஸ்பென்ஷனின் அசைவு எல்லை மிகக் குறுகியது. சஸ்பென்ஷன் எல்லைவரை அமுங்கும்போது உலோகத்தோடு உலோகம் மோதாதபடி தடுக்கும் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் அல்லது நுரைக் கட்டையை, உடல் நன்கு சாய்ந்த நிலையில் வெளிப்பக்கப் பின்சக்கரம் எளிதில் தொட்டுவிடுகிறது. தொட்ட கணத்தில் பின் அச்சின் விறைப்பு திடீரென்று எகிற, பின்பகுதி எச்சரிக்கையின்றி வழுக்குகிறது. முன் பாரைக் கூட்டி முழு உடலின் சாய்வையும் குறைத்தால் பின்சக்கரம் அந்தக் கட்டையைத் தொடாமலே வளைவை முடித்துவிடும். மற்றொரு காரணம், இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் பல்சக்கர அமைப்பான டிஃபரென்ஷியல் சார்ந்தது: சாதாரண வகை டிஃபரென்ஷியல் உள்ள வண்டியில், விறைப்பான பின் பார் உட்பக்கப் பின்சக்கரத்தின் சுமையைப் பறித்துவிடுவதால், வளைவை விட்டு வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்தச் சக்கரம் வீணே சுழன்று எஞ்ஜினின் விசை வீணாகிறது. 1.8 லிட்டர் எஞ்ஜினுடன் விருப்ப உறுப்பாகக் கிடைத்த டார்சன் வகை டிஃபரென்ஷியல், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிட்டுத் தருவதாயினும், ஒரு சக்கரம் தரையை முற்றாக விட்டுவிட்டால் அதுவும் பயனற்றுப் போகும்.

சந்தையில் உள்ளவற்றை இந்த அளவுகோலால் நிறுத்துப் பார்த்தால் மூன்று வகைகள் தேறுகின்றன. முன் 22 மி.மீ., பின் 14 மி.மீ. என இணையாக விற்கப்படும் தொகுதி, அன்றாடச் சாலைக்கு மென்மையும் மலைப்பாதைக்குத் துடிப்பும் தருவது. எனினும் அதன் பின் பார் ஈரச் சாலையில் வண்டியைக் கவனமாகக் கையாள வேண்டியதாக ஆக்கிவிடுகிறது என்பதால், அத்தொகுதியின் முன் பாரை மட்டும் மாட்டி, பின்னே பழைய பாரையே விட்டுவைப்பதே அறிவுடைமை. 24 மி.மீ. திட முன் பார், ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் மூக்கு உடனே பதில் சொல்லும் உணர்வைத் தருவதோடு, வண்டியைப் பின்புறத்தில் அமைதியாகவும் வைத்திருக்கிறது. விலையும் எடையும் பலனும் சேர்த்து எண்ணினால் இதற்கு நிகரானது இல்லை. ரேசிங் பீட் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் விற்கும் 28 மி.மீ.ஐத் தாண்டிய குழாய் முன் பாரோ, பந்தய டயரும் அதற்கேற்ற சக்கரச் சாய்வுக் கோணமும் உள்ள வண்டிக்கே உரியது. சாதாரணச் சாலை டயரில் அது மெதுவான திருப்பங்களில் மூக்கைத் தள்ளிவிடுகிறது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது, அந்த அதிர்ச்சியை எதிர்ச் சக்கரத்துக்கும் கடத்தி, ஓட்டுநரின் தலையை இடவலமாக உலுக்குகிறது.

தடித்த பாரின் உண்மையான செலவு பாரில் அன்று, அதைத் தாங்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. முதல் இரு தலைமுறை வண்டிகளில் முன் பாரின் தாங்கிகள் திருகப்படும் தகட்டுப் பகுதி மெல்லியது. மிகத் தடித்த பாரை வலுவூட்டலின்றி மாட்டிக் கடுமையாக ஓட்டினால் தகடு கிழிந்து திருகுகள் பிடுங்கிக்கொள்ளக்கூடும். அதற்கென விற்கப்படும் வலுவூட்டும் கட்டைகளைச் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும். பாரைச் சுற்றியுள்ள புஷ் பாலியூரித்தேனால் ஆனதாயின் ரப்பரைவிட நெகிழ்வு குறைந்து பதில் கூர்மையாகும். ஆனால் அதற்குப் பூசும் சிலிக்கோன் கிரீஸ் காய்ந்துபோனால் கிறீச்சிடுவதோடு பாரைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். தாங்கிகளை இறுக்கியபின், முனைகளை இணைக்குமுன், பார் கையால் அசைத்தாலே இலகுவாகச் சுழல்கிறதா என்று பார்ப்பது பல பட்டறைகளில் தவறவிடப்படும் சோதனை. பாரின் முனையைச் சஸ்பென்ஷன் கையோடு சேர்க்கும் லிங்க் நீளம் மாற்றத்தக்கதாக இருப்பது, வண்டியின் உயரத்தைக் குறைத்தோருக்கு இன்றியமையாதது. சமதரையில், ஓட்டுநர் இருக்கையில் எடை வைத்து, சக்கரங்கள் தரையில் நிற்கும்போது லிங்க் எவ்வித இழுவிசையும் இன்றிப் பொருந்தும்படி அதன் நீளத்தைச் சரிசெய்யாவிட்டால், கார் இடப்புறம் ஒருவிதமாகவும் வலப்புறம் வேறுவிதமாகவும் திரும்பும்.

2015இல் வந்த நான்காம் தலைமுறையில் மாஸ்டாவே எதிர்த் திசையில் ஒரு முடிவை எடுத்தது. ஜப்பானில் விற்கப்பட்ட, 990 கிலோ எடையுள்ள அடிப்படை எஸ் மாதிரியில் பின் ஸ்டெபிலைசர் பாரே பொருத்தப்படவில்லை. அதே அடித்தளத்தில் பின்னர் வந்த 990எஸ் மாதிரியிலும் பின் பார் இல்லை. மாறாக, உட்பக்கப் பின்சக்கரத்தில் மெல்லிய பிரேக்கைப் பிரயோகித்து உடல் எழுவதை அடக்கும் மின்னணு முறை அதில் சேர்க்கப்பட்டது. போட்டிக் களத்திலும் பின் பாருக்கு இரண்டாம் இடமே: அமெரிக்காவின் எஸ்சிசிஏ அமைப்பு, கூம்புகளை வைத்து அமைத்த தடத்தில் நேரம் கணக்கிட்டு நடத்தும் ஆட்டோகிராஸ் போட்டிகளின் ஸ்ட்ரீட் பிரிவு, முன் பின் இரண்டில் ஒரு பாரை மட்டுமே மாற்ற அனுமதிக்கிறது. எம்எக்ஸ்-5 ஓட்டுநர்கள் அந்த ஒரு வாய்ப்பைப் பெரும்பாலும் முன் பாருக்கே செலவிடுகிறார்கள்.

எனவே சாலையிலும் அவ்வப்போது பந்தயத் தடத்திலும் ஓடும் முதல் இரு தலைமுறை வண்டிக்கு, துளையிட்ட 24 மி.மீ. திட முன் பார், நீளம் மாற்றத்தக்க லிங்க், பழைய பின் பார் என்பதே பரிந்துரைக்கத்தக்க தேர்வு. அதை மாட்டியபின் முன்சக்கரங்களின் எதிர்மறைச் சாய்வுக் கோணத்தைச் சற்றுக் கூட்டி அலைன்மென்ட் செய்துகொண்டால், இழந்த முன்பிடிப்பின் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடும். தடித்த பின் பார் வாங்க ஒதுக்கிய தொகையை நல்ல ஷாக் அப்சார்பருக்குச் செலவிடலாம்.